சம அளவு

ஜீப்ரா மீன்கள் சண்டை போட்டால் ரத்தம் வராது. வந்திருந்தால் அந்த ஆராய்ச்சிக்கு அனுமதி கிடைத்திருக்காது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத இரண்டு ஆண் மீன்களை ஒரே தொட்டியில் விட்டால், முதலில் பக்கவாட்டில் நின்று உடம்பைக் காட்டும். அப்புறம் சுற்றும், முட்டும், கடிக்கப் பாயும். ஏதோ ஒரு நொடியில் இரண்டில் ஒன்று போதும் என்று முடிவு செய்யும். துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடிமூலைக்குப் போய்விடும். அதன்பிறகு இரை போட்டாலும் அது முதலில் ஜெயித்த மீனைத்தான் பார்க்கும், பிறகுதான் இரையை.

அந்த ஒரு நொடியில் மீனின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் சுடலைவடிவின் வேலை. சென்னைக்குத் தெற்கே, மதில் சுவரும் மரங்களுமாக இருக்கிற ஓர் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே அவளை வடிவு என்பார்கள். சேர்ந்த புதிதில் முழுப்பெயரைக் கேட்டு ஒருவன், "பேய்ப்பட டைட்டில் மாதிரி இருக்கே" என்று சிரித்தான். "சுடலை எங்க சாமி. உன் சாமி பேரச் சொல்லு, நானும் சிரிச்சு வைக்கிறேன்" என்றாள். அன்றைக்கு வாங்கிய கோபக்காரிப் பட்டம், பிறகு வாங்கிய முனைவர் பட்டத்தைவிடப் பிரபலம். ஊரில் அந்த இரண்டாவது பட்டத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. டாக்டர் என்றால் ஊசி போடுகிறவள் என்று நினைத்து மூட்டுவலிக்கு மாத்திரை கேட்கிறார்கள்.

தூத்துக்குடியிலிருந்து அக்கா கூப்பிட்டபோது அவள் தொட்டி அறையில்தான் இருந்தாள்.

"ஏட்டி வடிவு, கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எதுலக்கா?"

"நம்ம கேசுலதான். சமரச மையத்துல வச்சு. எல்லாரும் போட்டாச்சு. முடிஞ்சு போச்சுட்டி."

ஏழு வருடத்துக்கு முன்னால் தூத்துக்குடி இறால் ஆலை ஒன்றில் அம்மோனியா கசிந்து ஊழியர்கள் செத்தார்கள். குளிரூட்டும் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டவர் அக்கா செல்லக்கனியின் புருஷன் சிவனணைந்தான். அவரும் செத்தார். செத்தவர் பேச மாட்டார் என்பதால், 'ஊழியர் சிவனணைந்தானின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்' என்று ஆலை எழுதிவிட்டது. பழுதான குழாயைப் பற்றி அவர் வாயால் சொல்லாத நாளில்லை. அந்த ஒரு வரியை எடுக்கச் சொல்லித்தான் செல்லக்கனி, செத்த மற்றவர்களின் குடும்பங்களோடு சேர்ந்து, ஏழு வருடமாகக் கோர்ட்டுப் படி ஏறினாள். நஷ்டஈடு தருகிறோம் என்று வந்தவர்களை, வரியை எடுத்துவிட்டு வாருங்கள் என்று வாசலோடு அனுப்பினாள்.

"வரிய எடுத்துட்டாங்களா?"

"இல்ல. அது கெடந்துட்டுப் போவுது."

"அக்கா, அத்தான்தான் தப்பு செஞ்சாருன்னு நீயே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டியா?"

"கத்தாதட்டி. நேத்துப் படுத்தவ இன்னைக்கு வெயில் வந்த பொறவுதான் முழிச்சேன். எத்தன வருஷமாச்சு தெரியுமா?" அக்காவின் குரல் நிஜமாகவே லேசாக இருந்தது. "ஏசி ரூமு. டீ, பிஸ்கோத்து. பேச முன்னாடி மனசு குளுந்து இருக்கணும்னு எல்லாருக்கும் மூக்குல என்னமோ அடிச்சாவ. அவுக வக்கீலும் அடிச்சிக்கிட்டாரு. நல்ல மனுசன்."

"அது பேரு என்ன?"

"இதமோ பதமோ."

இதம். வடிவு போனை வைத்தாள். எதிர்த் தொட்டியில் ஒரு மீன் அடிமூலையில் ஒடுங்கிக் கிடந்தது. அதற்கு அந்த மருந்தைக் கலந்துவிட்டதே அவள்தான்.

*

பேராசிரியை வசுந்தரா கெட்டவர் இல்லை. வடிவுக்கு அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் கதவைத் தட்டாமலே உள்ளே போயிருப்பாள்.

"உட்கார் வடிவு. முகமே சரியில்லையே."

"இதம் மருந்த சமரச மையத்துல அடிக்கிறாங்க மேடம். எங்க அக்காவுக்கு அடிச்சிருக்காங்க. உங்களுக்குத் தெரியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "மையங்கள் வாங்கறாங்கன்னு தெரியும். உன் அக்காவுக்குன்னு தெரியாது. ஐ ஆம் ஸாரி."

சண்டையில் நிற்பதா விலகுவதா என்று முடிவு செய்கிற, மீன் மூளையின் துளியூண்டு இடத்துக்கு லத்தீனில் கடிவாளம் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். மனிதர்களுக்கும் அது உண்டு. அதில் இரண்டு இழை ஓடுகிறது. ஒன்று 'இன்னும் நில்' என்று இழுக்கும். மற்றது 'போதும்' என்று இழுக்கும். வசுந்தரா இந்த வேலையைத் தொடங்கியது முதல் இழைக்காக. ஒருமுறை தோற்ற மீன் அடுத்தடுத்தும் தோற்கிறது. அப்படி விழுந்து கிடக்கிற மனிதர்களை எழுப்ப ஒரு மருந்து வேண்டும் என்று நினைத்தார். மருந்து நிறுவனம் இரண்டு இழைக்கும் சேர்த்து உரிமை வாங்கியது. எழுப்புகிற மருந்தைக் கிடப்பில் போட்டது. தோற்றவனை எழுப்பும் மருந்தை யார் வாங்குவார்கள்? தோற்றவனிடம் காசு இருக்காது. அடங்க வைக்கிற மருந்துக்கோ ஆள் வரிசையில் நின்றது: விமான நிலையங்கள், கடன் வசூல் அலுவலகங்கள், விவாகரத்து ஆலோசகர்கள், இப்போது சமரச மையம்.

"ரெண்டு தரப்பும் எடுத்துக்கறாங்க, வடிவு. ஒரே அளவு. அதுல என்ன அநியாயம்?"

"போன வருஷம் நான் காட்டினேனே மேடம். பெரிய மீனுக்கும் சின்ன மீனுக்கும் ஒரே அளவு கொடுத்தா யார் அடங்குறா?"

அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"சின்னது. ஒவ்வொரு தடவையும் சின்னது. மருந்து இல்லாம விட்டா சின்ன மீனும் சில சமயம் ஜெயிக்கும். பிடிவாதத்துல ஜெயிக்கும். அதுகிட்ட இருக்கிறது அந்தப் பிடிவாதம் ஒண்ணுதான். ரெண்டு பேருக்கும் சமமா ஆளுக்கு ஒரு பிடிவாதத்த உருவினா, பெரியவன்கிட்ட உடம்பு மிச்சம் இருக்கு. சின்னவன்கிட்ட என்ன மிச்சம் இருக்கு?"

"வக்கீலும் மனுஷர்தானே."

"அவர் சண்டையிலயே இல்ல மேடம். சண்டை போடாத மீனுக்கு மருந்து கொடுத்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது. நீச்சல் போடும், இரை தின்னும். அவருக்கு அது வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போயிருவாரு. எங்க அக்காவுக்கு அது புருஷன்."

வசுந்தரா கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா அது தொட்டி. பாதிக்கப்பட்டேன்னு ஒரு மனுஷர் வந்து சொல்லாத வரைக்கும் நம்ம பேச்சு எடுபடாது. மருந்து கம்பெனியோட ஒப்பந்தம் போச்சுன்னா இந்த லேபே இல்லை. விட்டுக்கொடும்மா. விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போனதில்லைன்னு சொல்லுவாங்க இல்லையா?"

"அதச் சொன்னவங்க ஒருத்தராவது எதையாவது விட்டுக்கொடுத்திருக்காங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள். அன்று மாலையே முத்துநகர் எக்ஸ்பிரஸ் பிடித்தாள்.

*

வக்கீல் அல்போன்ஸ் ஏழு வருடமும் அக்காவுக்காக வாதாடியவர். சமரச மையத்தில் கட்சிக்காரர்கள் மட்டும்தான் என்று அவரை உள்ளே விடவில்லை; ஆலையின் வக்கீல் மட்டும் ஆலைப் பிரதிநிதி என்று உள்ளே போய்விட்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அப்போதே சந்தேகம் வந்தது என்றார்.

"நீங்க சொல்லுத சயின்ஸ் எனக்குப் பாதி புரியுது. பாதி போதும். ஆனா மனு போட ஆள் வேணும் மேடம்."

"நான் போடுறேன்."

"நீங்க சாட்சி. நீங்களே மனு போட்டா, அனுமதி வாங்குன மருந்து, அடிச்சுக்கிட்ட ஒருத்தரும் குறை சொல்லலையேன்னு முதல் நாளே தள்ளிருவாவ. உறிஞ்சின ஒருத்தர் வரணும். என் சம்மதம் என் சம்மதமில்லன்னு அவுக வாயால சொல்லணும். ஒரே ஒரு ஆள் போதும். ஒரு ஆள் வந்தா எல்லாருடைய ஒப்பந்தத்தையும் நிறுத்தி வச்சு, மருந்தப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லலாம்."

ஒரு ஆள்தானே என்று வடிவு வெயிலில் இறங்கினாள்.

கையெழுத்துப் போட்ட குடும்பங்களில் முதல் வீட்டில் அவளுக்கு மோர் கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டில் மகளுக்கு வரன் பார்த்திருக்கிறோம் என்று போட்டோ காட்டினார்கள். எல்லா வீட்டிலும் அதே பேச்சு: போனது போச்சு, நிம்மதியாக இருக்கிறோம். மயங்கிய கண், குழறிய பேச்சு, எதுவுமில்லை. அப்படி ஏதாவது இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. அவர்கள் தெளிவாக இருந்தார்கள். கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னார்கள்.

கடைசியாக ரோஸ்மேரி வீடு. ரோஸ்மேரியின் ஒரே மகன் அந்த ஆலையில் வேலைக்குச் சேர்ந்த மாதமே செத்தவன். 'உன் புருஷன்தாண்டி என் பிள்ளையக் கொன்னான்' என்று முதல் வருடம் செல்லக்கனி முகத்தில் காறித் துப்பியவள். பழுதான குழாயின் கதை தெரிந்த பிறகு அதே செல்லக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் வாசலில் மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள்.

"வாம்மா வடிவு, கலர் குடிக்கியா?" என்று சிரித்தாள். அவள் பல் தெரியச் சிரித்து வடிவு பார்த்ததே இல்லை.

"பெரியம்மா, அன்னைக்கு மூக்குல அடிச்ச மருந்து..."

"ஆமா, நல்லா மூச்ச இழுங்கன்னாவ. கற்பூரம் மாதிரி ஜில்லுன்னு இருந்துச்சு."

"அந்த மருந்துதான் உங்கள விட்டுக்கொடுக்க வச்சிருக்கு. அது என் ஆராய்ச்சியில வந்த மருந்து. எனக்குத் தெரியும்."

ரோஸ்மேரி அவள் தலையைத் தடவினாள். "மருந்தா? போ பிள்ள. எனக்கே அலுத்துப்போச்சு. நானா யோசிச்சு நானா போட்டேன். எதுக்கு இனிமே பழசக் கிண்டிக்கிட்டு?"

வடிவு கலர் சோடாவைக் குடிக்காமலே எழுந்து வந்தாள். தெருவில் நடக்கும்போதுதான் அந்த மருந்தின் முழு உயரம் அவளுக்குத் தெரிந்தது. நானா யோசிச்சு நானா போட்டேன். மீன் வாய் திறந்து எதுவும் சொல்லாது என்பதால் இந்த ஒரு விளைவை எந்தத் தொட்டியிலும் அவளால் பார்க்க முடிந்ததில்லை. கையைக் கட்டினால் கயிறு தெரியும். வாயைப் பொத்தினால் விரல் தெரியும். இது தோற்றவர் வாயாலேயே 'என் இஷ்டம்' என்று சொல்ல வைக்கிறது. உறிஞ்சிய ஒருத்தியும் மனு போட வரமாட்டாள். வர முடிந்தால் அவள் உறிஞ்சவில்லை என்று அர்த்தம்.

*

அக்கா வாசல் கதவைத் திறந்து போட்டுவிட்டு நடுப்பகலில் பாயில் கிடந்து உறங்கிக்கொண்டிருந்தாள். வடிவு பையை வைத்த சத்தத்துக்கு எழுந்து கொண்டையை முடிந்தாள்.

"எங்கன சுத்திட்டு வாரே? சாளக் குழம்பு வச்சிருக்கேன். தின்னு."

"பசிக்கல. அக்கா, நான் சொல்றதக் கோபப்படாம கேளு. நீ கையெழுத்துப் போட்டது நீ போட்டதில்ல. அந்த மருந்து போட்டது. உன் மேல எனக்குக் கோபம் இல்ல. நீ என்ன செய்வ, மூளையில அந்த இழைய இழுத்தா எந்த..."

"நிறுத்துட்டி."

செல்லக்கனி சோற்றுத் தட்டை டொக்கென்று தரையில் வைத்தாள்.

"நான் இழுக்கல."

"என்ன?"

"மருந்த. மூச்ச அடக்கிக்கிட்டேன். ஆலையில அன்னைக்கு நான் இறால் உரிச்சிக்கிட்டு இருக்கையில அம்மோனியா வாடை வந்தப்போ ஈரத் துணிய மூக்குல வச்சு மூச்ச அடக்கித்தான் நான் வெளிய வந்தேன். அதுலருந்து மூக்குக்கிட்ட எத நீட்டினாலும் எனக்குத் தன்னால அடைச்சிக்கிரும். ஊதுவத்திக்கே அடைக்கும். அவன் பீச்சினான், நான் மூஞ்சியத் திருப்பி முந்தானையில தொடைச்சிட்டேன். ஒருத்தரும் பாக்கல. மத்தவளுவ எல்லாம் வீட்டுல இருந்தவளுவ. பிளாண்டுக்குள்ள நின்னவ நான் ஒருத்திதான்."

வடிவுக்கு ரோஸ்மேரியின் குரல் காதில் கேட்டது. "எல்லாரும் இப்படித்தாங்க்கா சொல்றாங்க. நானாத்தான் போட்டேன்னு. மருந்தே அப்படித்தான் சொல்ல வைக்கும்."

"அப்போ நான் பொய் சொல்லுதேனா?"

"நீ பொய் சொல்லல, மருந்து..."

"ஏட்டி!" அக்கா எழுந்தே விட்டாள். "ஏழு வருஷம் நின்னது நான். காலு நோவ நின்னது நான். அசந்து போயி உக்காந்ததும் நாந்தான். நான் தோத்தத கூட உன் மீன் தொட்டிக் கணக்குல எழுதிராத. அதாவது எனக்குன்னு இருக்கட்டும்."

குழம்பு ஆறி ஆடை கட்டியது. வடிவுக்கு வெட்கமாக இருந்தது. அக்காவைச் சம்மதிக்க வைத்தவர்களுக்கும், அவள் சம்மதம் செல்லாது என்று சொல்ல வந்திருக்கிற தனக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று நினைத்தாள். அவர்களாவது டீ கொடுத்திருக்கிறார்கள்.

"சரிக்கா. நம்புறேன். இழுக்கலேன்னா ஏன் போட்ட? அத மட்டும் சொல்லு."

செல்லக்கனி சுவரில் சாய்ந்தாள். "போடணும்னு போவல. எல்லாத்தையும் கேட்டுட்டு வழக்கம்போல முடியாதுன்னு சொல்லத்தான் போனேன். மேசையில ரோஸ்மேரி எம் பக்கத்துல இருந்தா. காயிதத்தக் கையில வாங்கினா. அத்தான் பேரு போட்ட அந்த வரிய அவளே எழுத்துக்கூட்டி வாசிச்சா. வாசிச்சிட்டு, சரிதான்னு போட்டா. எம் புருஷன் கொல்லலைன்னு நான் உலகத்துல மொதல்ல நம்ப வச்ச ஆளு அவதான். அவளே போட்ட பொறவு நான் யாருகிட்டப் போயி நிரூபிக்க? அப்பிடியே ஒடம்பு விட்டுப்போச்சு. பேனாவக் கொடுங்கன்னேன்."

"ரோஸ்மேரி பெரியம்மாவப் பாத்துட்டுத்தான் வாறேன்."

"அழுதாளா?"

"சிரிச்சாங்க. கலர் குடிக்கியான்னு கேட்டாங்க."

"ரோஸ்மேரியா? சிரிச்சாளா?" அக்கா நிமிர்ந்தாள். "மகன் செத்ததுலருந்து அவ கிறிஸ்மஸுக்குக் கூடப் புதுசு உடுக்கலயே."

"பல் தெரிய."

செல்லக்கனி அதைக் கொஞ்சநேரம் மனசுக்குள் உருட்டினாள். மீன் குழம்பில் ஈ உட்கார்ந்ததைக்கூட விரட்டவில்லை.

"அப்போ அவ அசந்து போயி போடல."

"இல்ல."

"எம் புருஷன் மேல மறுபடி சந்தேகம் வந்தும் போடல."

"இல்லக்கா. அவங்க நல்லா இழுத்திருக்காங்க. கற்பூரம் மாதிரி இருந்துச்சாம்."

"அப்போ நாந்தாம்லா ஏமாந்திருக்கேன்!" தரையில் ஓங்கி அறைந்தாள். "அவளுவளா தோத்துட்டாளுவன்னு நினைச்சுல்லா நான் தோத்தேன். மருந்து அவளுவளுக்கு மூக்கு வழியா போச்சு. எனக்குக் கண்ணு வழியா வந்திருக்கு."

வடிவு அக்காவையே பார்த்தாள். இதை எந்த ஆய்வுக் கட்டுரையிலும் அவள் எழுதியதில்லை. எழுதத் தோன்றியதுமில்லை.

"இப்போ என்னட்டி செய்யணும்? அல்போன்ஸு என்ன சொன்னாரு?"

"உறிஞ்சின ஆள் ஒருத்தர் மனு போடணுமாம். ஒருத்தரும் வரமாட்டாங்க. மருந்து இறங்கினவங்களுக்கு வரத் தோணாது."

"ஒரு ஆளு போதுமா?"

"போதும். ஒரு ஆள் வந்தா எல்லாருடையதும் நிக்கும்." சொல்லிவிட்டுத்தான் அக்கா எங்கே போகிறாள் என்பது வடிவுக்குப் புரிந்தது. "வேண்டாங்க்கா. நீ இழுக்கல. நீ போயி இழுத்தேன்னு சொன்னா அது பொய்."

"ஏழு வருஷமா உண்மையத்தான சொன்னேன். எவன் கேட்டான்?"

"குறுக்கு விசாரணை பண்ணுவாங்க. ரத்தம் எடுப்பாங்க."

"அந்த மருந்து ரத்தத்துல எத்தன நாள் கெடக்கும்?"

"ஒரு நாள்கூட இருக்காது. மூளையில செஞ்ச வேலை மட்டும் நிக்கும்."

"பொறவென்ன? எவனால இல்லன்னு சொல்ல முடியும்?"

"நான் சாட்சிக் கூண்டுல ஏறணும்க்கா. மீன் என்ன செஞ்சுதுன்னு சொல்லுவேன். அதுல ஒரு எண்ணு கூடப் பிசகாது. ஆனா உன்னப் பத்திக் கேட்டா..."

"என்னப் பத்தி உனக்கு என்ன தெரியும்? நீ அந்த ரூமுலயா இருந்த? தெரியாதுன்னு சொல்லு. அது உண்மைதான?" செல்லக்கனி எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அழுத்தித் துடைத்ததில் முகம் சிவந்திருந்தது. "ஒறக்கந்தான் போச்சு. ரெண்டு நாளு ஒறங்கினேன். நல்லாத்தான் இருந்துச்சு."

மறுபடி அவள் தூங்கப்போவதில்லை என்பதும், அதைத் தெரிந்தே சொல்கிறாள் என்பதும் வடிவுக்குப் புரிந்தது. தடுக்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் அவள் விரலே அல்போன்ஸின் எண்ணை அழுத்திவிட்டது.

"சார், மனு போட ஒருத்தங்க கிடைச்சிருக்காங்க. எங்க அக்கா."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "செல்லக்கனியா? அவுக வாராவளா? நல்லது மேடம், ரொம்ப நல்லது. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன், நாளைக்கு எதிர்த்தரப்பு இதத்தான் கேப்பான். அவுக மருந்த நிச்சயமா இழுத்தாவதான?"

அந்தக் கேள்வி அக்காவுக்கும் கேட்டது. செல்லக்கனி அவள் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"நல்லா இழுத்தேன் சார்" என்றாள். "ரெண்டு மூக்குலயும்."